பினாங்கில் கப்பல் ஒன்பது மணி நேரம் நிற்கிறது, இறங்கலாமா?

4 பிப்ரவரி 2025, காலை. கும்பகோணத்து வாசகரின் கேள்வி

ஏப்ரலில் மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போகிறோம். அங்கிருந்து மூன்று இரவு கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். நடுவில் ஒரு நாள் மலேசியாவின் பினாங்குத் தீவில் நிற்குமாம், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை. மலை ரயில், பெரிய புத்தர் கோயில், துணிக்கடை என்று கப்பலிலேயே பஸ் சுற்றுலா விற்கிறார்கள். என் மைத்துனரோ, "அங்கே இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லை. நம் ஊர்க் கடைத்தெருவைத்தான் மறுபடி பார்ப்பீர்கள். கப்பலிலேயே படுத்துத் தூங்குங்கள்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு.

4 பிப்ரவரி 2025, இரவு 9:40

இறங்குங்கள். பஸ் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள்.

போன ஆண்டு பிப்ரவரி கடைசி வாரத்தில் நானும் இப்படித்தான் போனேன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் வாங்கிக் கொடுத்த டிக்கெட். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்குச் சுவெட்டன்ஹாம் துறை என்று பெயர். சில ஊர்களில் பயணிகள் கப்பலைச் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே எங்கோ கட்டிவிட்டு, ஊருக்குள் போவதற்கே ஒரு மணி நேரம் ஆக்கிவிடுவார்கள். பினாங்கில் வாயிலைத் தாண்டினால் ஊர். சில நிமிட நடையில் விக்டோரியா மணிக்கூண்டு. அதன் அருகே, 1786இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றிய முனையில் கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் குவீன் தெரு மாரியம்மன் கோயில். திருவாரூரில் நான்கு வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஆகும் நடைதான்.

அந்த மணிக்கூண்டின் உயரம் 60 அடி. விக்டோரியா அரசி ஆண்ட 60 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஓர் அடி என்று, 1897 வைர விழாவுக்காக ஒரு சீன வணிகர் கட்டிக் கொடுத்தது. போர்க்காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியில் சற்றுச் சாய்ந்திருக்கிறது. கீழே நின்று நிதானமாகப் பார்த்தால் சாய்வு தெரியும். பஸ் ஜன்னலிலிருந்து தெரியாது.

மலை ரயிலுக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். மலை வேண்டுமென்றால் நமக்குக் கொடைக்கானல் இருக்கிறது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள பத்துத் தெருக்களைக் காலால் பாருங்கள். நம் பெரியவர்கள் இறங்கிய கரை அது. அவர்கள் நடந்த மாதிரியே நடந்து ஊருக்குள் போக வேண்டும்.

5 பிப்ரவரி 2025, காலை 6:15

முழங்கால் வலி என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைக் கவனிக்காமல் நட, நட என்று எழுதிவிட்டேன். தவறு. திருத்திச் சொல்கிறேன்.

பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரையோடு நடைபாதை போகும். காக்கி லீமா என்பார்கள், "ஐந்தடி" என்று பொருள். நம் திண்ணைகளை எல்லாம் ஒரே வரிசையாக இணைத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. வெயிலும் மழையும் படாது. ஆனால் ஒவ்வொரு கடையின் தரையும் ஒவ்வோர் உயரம். இரண்டு படி ஏறு, நான்கடி நட, ஒரு படி இறங்கு என்று போகும். நடுவில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருப்பார்கள், சாலையில் இறங்கிச் சுற்ற வேண்டும். முழங்காலுக்கு இது கெடுதல்.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். வெல்ட் கரைச் சாலையில், படகுத் துறையை ஒட்டியுள்ள பஸ் நிலையத்திலிருந்து ஊருக்குள் ஓர் இலவச பஸ் சுற்றி வருகிறது. கட்டணமே கிடையாது. களைத்தால் ஏறி உட்கார்ந்துவிடலாம். மூன்று சக்கர ரிக்‌ஷாவும் உண்டு. பயணியை முன்னால் உட்காரவைத்து, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிப்பார். ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது. பதினொன்றுக்குமேல் அங்கே அடிக்கிற வெயில் நம் சித்திரை வெயில் போலக் காய்ந்த வெயில் இல்லை. உடம்பை அவித்துவிடும்.

7 பிப்ரவரி 2025, பிற்பகல்

மைத்துனர் சொன்ன "நம் ஊர்க் கடைத்தெரு" இரண்டு நாட்களாக மனதில் கிடந்து குடைகிறது. ஏனென்றால் முதல் அரை மணி நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லெபு பாசார், லெபு பினாங், குவீன் தெரு. லெபு என்றால் தெரு. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அங்குள்ள குட்டி இந்தியா. மல்லிகைச் சரம், வெற்றிலைக் கட்டு, எவர்சில்வர் குடம், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. மாரியம்மன் கோயில் 1833இல் கட்டியது, பினாங்கில் இருக்கிற இந்துக் கோயில்களில் மிகப் பழையது. கோபுர வாசலில் நின்றபோது கீழ்வேளூரில் நிற்பதாகவே தோன்றிவிட்டது. அந்த நினைப்பிலேயே பூக்கடை அம்மாளிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எந்த ஊர் அம்மா?"

"பினாங்கு."

"அது சரி, பூர்வீகம்?"

"அதுவும் பினாங்குதான் ஐயா. என் பாட்டியே பிறந்தது இந்தத் தெருவில்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. பூவை முழம் போட்டுக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு, "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்டார். நான் வெட்கப்பட்டேன். தஞ்சாவூர்க்காரரிடம் போய், உன் பூர்வீகம் எது என்று இரண்டாம் முறை நாம் கேட்போமா? அங்கே தமிழ்ப் பள்ளி வகுப்பு 1816இலேயே தொடங்கிவிட்டது. அவர்கள் ஊரை அவர்களிடமே வந்து "நம் ஊர் மாதிரி இருக்கிறது" என்று சொல்வது பாராட்டு ஆகாது. மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்.

அதே தெருவை விட்டு ஒரு திருப்பம் திரும்பினால் சீனர்களின் கருணைத் தேவி கோயில். வாசலில் ஆள் உயர ஊதுவத்திகள் புகைகின்றன. இன்னும் சில அடிகளில் 1818இல் கட்டிய ஆங்கிலத் தேவாலயம். மறுபக்கம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தோன்றியது. சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்களின் தலைவர் காதிர் முகைதீன் எழுப்பியது. இத்தனையும் ஒரே தெருவை ஒட்டி. எந்த ஊர்க் கடைத்தெருவில் இது இருக்கிறது?

ஓர் எச்சரிக்கை. பள்ளிவாசலின் பெயரில் இருப்பதால் "கெலிங்" என்ற சொல்லைச் சும்மா எடுத்துப் பேசிவிடாதீர்கள். கலிங்கம் என்பதிலிருந்து வந்த பழைய சொல்தான். ஆனால் இன்று ஒரு மனிதரை அப்படி அழைப்பது அங்கே வசை.

8 பிப்ரவரி 2025, இரவு

"பெரியவர்கள் இறங்கிய கரை" என்று எழுதியிருந்தேனே, யார் அந்தப் பெரியவர் என்று மன்னார்குடி நண்பர் கேட்டிருக்கிறார்.

என் பாட்டியின் அண்ணன். 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். பாட்டி "ரசுலாக் கப்பல்" என்பார். ரஜூலா என்ற அந்தக் கப்பல் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணியில் போய், அலையில் ஏறி இறங்கும் தோணியிலிருந்து கப்பல் ஏணியைப் பிடிக்க வேண்டும். பாட்டி கரையில் நின்று அண்ணன் ஏணியைப் பிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்போது பாட்டிக்குப் பதினான்கு வயது. 1938இல் அரசாங்கம் கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் போயிருக்கமாட்டார்.

கடைசிக் கடிதம் 1941 ஐப்பசி. "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் யாவர் க்ஷேமத்துக்கும் எழுதவும்." டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. அதன்பிறகு ஒன்றுமில்லை.

நான் அஞ்சல் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி, தைப்பிங், ஈப்போ என்ற பெயர்களை நான் வரைபடத்தில் படிக்கவில்லை, ஏரோகிராம்களின் முத்திரையில் படித்தேன். எந்த வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து வரும் என்பது மனப்பாடம். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. பாட்டியின் கணக்கு நோட்டில் ஒரு வரி உண்டு: "அண்ணன், பினாங்கு ரோட்டு மளிகைக் கடை." அதை வைத்துக்கொண்டுதான் இறங்கினேன். லெபு பினாங் முழுக்க ஒரு மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கினேன். எவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு துணிக்கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கிடைக்கவில்லை.

கிடைக்கும் என்று போகவில்லை. ஆனால் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது.

9 பிப்ரவரி 2025, காலை

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். இதை எழுதாமல் பினாங்கைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை.

லெபு சூலியாவும் லெபு கிங்கும் சந்திக்கும் மூலையில் ஒரு சிறிய வெள்ளைக் கட்டடம். நாகூர் தர்கா. ஆமாம், நாகூர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் கரையிலிருந்து போனவர்கள் நாகூர் எஜமான் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாகக் கட்டியது. அடக்கத்தலம் நாகூரில்தான் இருக்கிறது. இது நினைவிடம். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் இதேபோல ஒன்று, 1828 முதல் 1830 வரை கட்டியது. அப்போது அந்தத் தெரு கடற்கரை. கப்பலில் பிழைத்து வந்தவர்கள் இறங்கியவுடன் முதலில் எதைத் தேடினார்கள் என்பது இந்த இரண்டு கட்டடங்களையும் பார்த்தால் புரியும். சூலியா என்ற பெயரையும் கவனியுங்கள். சோழ நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதைத்தான் அந்தச் சொல்லில் பலரும் காண்கிறார்கள்.

பினாங்கில் அந்தத் தர்காவின் சுவரிலேயே சின்னச் சின்னக் கடைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே குளிர்ச்சி. நாகூரில் ஐந்து மனோராக்களை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு பொம்மை போல இருக்கும். பெரிய மனோரா தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிம்மர் கட்டியது, 131 அடி. இங்கே இருப்பது ஆள் எட்டித் தொடுகிற உயரம் என்றே தோன்றியது.

பாட்டி ஒவ்வோர் ஆண்டும் கந்தூரிக்கு நாகூர் போவார். வாசலில் தகடு விற்பார்கள் அல்லவா? வீடு வேண்டுவோர்க்கு வீடு, கால் வலிக்குக் கால், பிள்ளைக்குத் தொட்டில். பாட்டி வாங்குவது கப்பல் உருவம் போட்ட தகடு. சாகும்வரை வாங்கினார். அங்கே திரைக்கு முன்னால் நின்றபோது எனக்கு வேறு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

11 பிப்ரவரி 2025

இன்று தைப்பூசம். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் இன்று கூட்டம் கொள்ளாது. முதல் நாளே நகரத்தார் கோயில் வெள்ளித் தேர் புறப்பட்டிருக்கும். தைப்பூசத்தன்று கப்பல் நிற்கும்படி யாருக்காவது அமைந்தால், நான் முன்பு சொன்ன பத்துத் தெருக்களை விட்டுவிட்டு அங்கே போங்கள்.

16 பிப்ரவரி 2025, இரவு

நாகூரிலிருந்து ஒரு சகோதரி என்னைத் திருத்தியிருக்கிறார். "பசியாறிவிட்டீர்களா" என்பதை மலேசியத் தமிழின் அழகு என்று இன்னோர் இழையில் நான் எழுதியிருந்தேன். காலை உணவைப் பசியாறல் என்று சொல்வது தங்கள் வீடுகளில் இன்றும் வழக்கம் என்கிறார். அவர் சொல்வது சரி. முப்பது ஆண்டுகள் நாகூர் வீதிகளுக்குக் கடிதம் பிரித்துக் கொடுத்தவன் நான். திண்ணையில் அமர்ந்து அந்தச் சொல்லைக் கேட்டும் இருக்கிறேன். கடல் தாண்டிப் போய்க் கேட்டபோதுதான் காதில் விழுந்தது.

சொல் என்றதும் இன்னொன்று. துறைமுகத்துப் பலகையில் "கப்பால்" என்று மலாயில் எழுதியிருந்தது. நம் கப்பல். கடை அங்கே கெடாய், பெட்டி பெத்தி, கட்டில் காத்தில், கோயில் குயில், குளம் கோலாம். மலாய்க்காரர் ஒருவர் வாயில் இவை இயல்பாக வரும்போது, ஆயிரம் ஆண்டு வணிகம் எவ்வளவு கனமானது என்று தெரிகிறது. இராசேந்திர சோழன் 1025இல் கடாரத்தின்மேல் படையெடுத்ததைத்தான் நாம் மேடை மேடையாகச் சொல்கிறோம். அந்தக் கடாரம், இன்றைய கெடா, பினாங்கின் எதிர்க்கரையைத் தாண்டியதும் தொடங்குகிறது. படை வருவதற்கு முன்பே, கடாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் கட்டினான், இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை எழுதிக்கொடுத்தான். கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த கதை அது. படையெடுப்பு அதில் ஒரு பகுதி. எனக்குச் சொல்லத் தோன்றுவது விகாரத்தின் கதையைத்தான்.

17 பிப்ரவரி 2025

சாப்பாடு பற்றி ஏன் எழுதவில்லை என்கிறீர்கள். நாசி கண்டார். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோள்தடி. அந்நாளில் தமிழ் முஸ்லிம்கள் காவடி போலத் தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு. இப்போது கடைகளில். நான்கைந்து ஆணங்களை, அதாவது குழம்புகளை, கலந்து ஊற்றுவார்கள். நிறைய வேண்டுமென்றால் "பஞ்சிர்" என்று சொல்லுங்கள், வெள்ளம் என்று பொருள். காவிரிக்காரனுக்கு அந்தச் சொல் பிடித்துப்போகும். அரிசி நம் பொன்னி அளவுக்கு இல்லை. மீன்தலைக் குழம்பு மிக நன்றாக இருந்தது.

2 மார்ச் 2025, பிற்பகல்

பெரிய தவறு ஒன்று செய்திருக்கிறேன்.

பினாங்கில் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். லெபு பினாங் வேறு, ஜாலான் பினாங் வேறு. முதலாவது பினாங்கு தெரு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் குட்டி இந்தியாவில் இருப்பது. இரண்டாவதுதான் பினாங்கு ரோடு. ஒரு கிலோமீட்டர் போல மேற்கே, ஊரின் மறுபக்கம். சூலியா தெருவின் மேற்கு முனை அதில் போய் முட்டுகிறது.

பாட்டியின் நோட்டில் "பினாங்கு ரோட்டு" என்று தெளிவாக இருக்கிறது. ரோடு என்றால் தெரு என்று நானே பொருள் செய்துகொண்டு, தமிழ்க் கடைகள் இருக்கிற தெருவைக் கண்டதும் வேறு எதையும் யோசிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க "தெரு வேறு, சாலை வேறு, முகவரியைச் சரியாக எழுதுங்கள்" என்று பிறருக்குச் சொன்னவன். அன்று சூலியா தெருவிலேயே தர்காவுக்கு அப்பால் நேராக நடந்திருந்தால் அந்த ரோட்டை அடைந்திருப்பேன். பிற்பகல் முழுவதும் கையில் இருந்தது.

இன்று வேறு எதுவும் எழுத மனம் வரவில்லை.

9 மார்ச் 2025

அந்தப் பிற்பகலில் என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு: செவ் குலத்தாரின் படகுத் துறைக்குப் போனேன். வெல்ட் கரையை ஒட்டிக் கடலுக்குள் மரக்கால்கள் நட்டு, அதன்மேல் பலகை பரப்பி, பலகையின் இருபுறமும் வீடு. லிம், டான், லீ என்று ஒவ்வொரு சீனக் குலத்துக்கும் ஒரு துறை. புத்தாண்டுக்குக் கட்டிய சிவப்பு விளக்குகளை இன்னும் அவிழ்க்கவில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது. குடியிருக்கும் வீடுகள் அவை, கதவு திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

பலகையின் கடைசி முனையில் ஒரு முதியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கொஞ்ச ஆங்கிலத்தில் நாகப்பட்டினம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. சுனாமி என்றேன். உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டார். 2004 டிசம்பர் 26 அலை பினாங்கிலும் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. எங்கள் பக்கம் ஆயிரக்கணக்கில் என்று கையால் காட்டினேன்.

அப்போது நான் நாகைக் கரையோர அஞ்சலகம் ஒன்றில் இருந்தேன். ஜனவரியில் மலேசிய முத்திரையோடு விசாரிப்புக் கடிதங்கள் வந்தன. சிலவற்றின்மேல் "பெறுநர் காலமானார்" என்று எழுதி அனுப்பியவர்களுக்கே திருப்பினேன். அந்தச் சொல்லை எழுதிய கை இது. முதியவரிடம் இதைச் சொல்ல எனக்கு மொழி இல்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எதிர்க்கரைக்குப் படகு. பட்டர்வொர்த்துக்குக் கால் மணி நேரம். தீவிலிருந்து போகும்போது என்னிடம் யாரும் கட்டணம் கேட்கவில்லை, திரும்பும்போதுதான் வாங்கினார்கள். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் தெற்கே தெரிகிறது. ஊரை முதலில் கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனேன், பாட்டியின் அண்ணன் பார்த்த மாதிரி.

திரும்பியபோது ஆபத்தாகிவிட்டது. கைக்கடிகாரத்தை வீட்டுக்குத் தொலைபேசுவதற்காக இந்திய நேரத்திலேயே வைத்திருந்தேன். அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். இரண்டு மணிதான் ஆகிறது என்று நிதானமாகப் படகில் உட்கார்ந்திருந்தவனுக்கு, துறைக் கடிகாரம் நான்கரை காட்டியது. கப்பல் ஏணியை ஐந்து மணிக்குத் தூக்குவார்கள். ஓடிப்போய் ஏறினேன். கும்பகோணத்து நண்பரே, இறங்குமுன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

10 மார்ச் 2025

நேற்றைய குறிப்பில் ஒரு திருத்தம். "பாட்டியின் அண்ணன் பார்த்த மாதிரி" என்று எழுதினேன். முதல் குறிப்பில் "பெரியவர்கள் இறங்கிய கரை" என்றும் எழுதினேன். தோட்ட வேலைக்கு வந்தவர்களைக் கப்பலிலிருந்து நேரே ஊருக்குள் விடவில்லை. தெற்கே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. அங்கே அடைத்துவைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்பினார்கள். மணிக்கூண்டையும் கோட்டையையும் நடந்து பார்க்கிற வாய்ப்பு வணிகர்களுக்கு இருந்திருக்கும். கூலியாக வந்தவர் கண்ட முதல் காட்சி முகாமின் வேலியாக இருந்திருக்கும். நான் எழுதிய காட்சி என் ஆசை.

23 மார்ச் 2025

நாகையிலிருந்தே பினாங்குக்குக் கப்பல் கிடையாதா என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து கேள்வி. கிடையாது. நாகையிலிருந்து இன்று கடல் தாண்ட ஒரே வழி காங்கேசன்துறைப் படகுதான். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, வடகிழக்குப் பருவக் காற்றால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் திட்டமிடாதீர்கள்.

27 ஏப்ரல் 2025

கும்பகோணத்து நண்பர் போய் வந்துவிட்டார். அவர் எழுதியிருப்பதைப் படித்தீர்களா? நான் வேண்டாம் என்ற மலைக்குத்தான் போயிருக்கிறார், முழங்காலுக்காக. 1923 முதல் ஓடும் மலை ரயில், காலையில் முதல் ஆளாகப் போனால் வரிசை இல்லையாம். மேலிருந்து பார்த்தால் தீவு, நீரிணை, இரண்டு பாலங்கள், எதிர்க்கரை எல்லாம் ஒரே பார்வையில் விரிகின்றனவாம். கொடைக்கானலில் கடல் தெரியாது என்று எழுதியிருக்கிறார். சரிதான். நான் பார்க்காத ஒன்றை வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது.

திரும்பும் வழியில் ஜாலான் பினாங்கில் மகளோடு இறங்கி, எனக்காக இரண்டு பழைய கடைகளில் விசாரித்திருக்கிறார். அந்த நல்ல மனதுக்கு என்ன சொல்வேன்.

15 ஜூன் 2025

மேட்டூர் திறந்து மூன்று நாளாகிறது. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாள் ஆகும். அதுவரை இதை எழுதிவிடுகிறேன்.

தைப்பிங்கில் வேர் உள்ள ஒருவர், தோட்டத்தில் இருந்தவர்கள் தங்கள் கடிதங்களுக்கு நகரத்து மளிகைக் கடையைத்தான் முகவரியாகக் கொடுப்பார்கள் என்று தன் தாத்தா சொன்னதாக எழுதினார். மாதம் ஒருமுறை சாமான் வாங்க வரும்போது கடைக்காரர் கடிதத்தை எடுத்துக் கொடுப்பாராம். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஊரிலும் அதுதானே வழக்கம்? களத்துமேட்டில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான் தேநீர்க் கடையில்தான் கொடுத்தேன். முகவரி கடையுடையது, ஆள் அங்கே இருந்ததில்லை.

அப்படியென்றால் பாட்டியின் அண்ணன் அந்த மளிகைக் கடையில் வேலை செய்தவர் அல்ல. எதிர்க்கரையில் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை படகேறி அந்தக் கடைக்கு வந்து போனவராக இருக்கலாம். நான் எந்தப் படகில் உட்கார்ந்து தவறான கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அதே தண்ணீரில்.

மகன் டிசம்பரில் வரச் சொல்கிறான். இந்த முறை கப்பல் வேண்டாம், பட்டர்வொர்த்துக்கு ரயிலில் போய் நான்கு நாள் தங்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். கீழ்வேளூர், சிக்கல், திட்டச்சேரி, நாகூர் பக்கத்தவர்கள் வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 1941க்கு முன் பினாங்கு ரோட்டில் நம் பக்கத்து ஆட்களின் கடிதங்களை வாங்கி வைத்த மளிகைக் கடை எது? கடையின் பெயரோ, கடைக்காரர் எந்த ஊர்க்காரர் என்பதோ தெரிந்தால் போதும். நோட்டின் அந்தப் பக்கத்தை நாளை படம் எடுத்துப் போடுகிறேன், கையெழுத்து பாட்டியுடையது.